விழும் கனியும் விழாத நிலவும்

நுழையும்முன்

மரத்திலிருந்து கனி விழுவதைக் காணாதவர் இலர். வானில் நிலவு உலா வருவதைக் காணாதவரும் இலர். இவ்விரண்டும் ஒரே விசையின் செயல்கள் என்று கணக்கிட்டு மெய்ப்பித்தவர் ஐசக் நியூட்டன். கனி ஒன்று விழுந்த நொடியிலேயே அவர் அவ்வுண்மையைக் கண்டுவிட்டார் என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒரு நண்பரின் துணையும் தேவைப்பட்டது. அவ்வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

உல்ஸ்தோர்ப் சிறுவன்

இங்கிலாந்து நாட்டின் லிங்கன்ஷயர் வட்டாரத்தில் உல்ஸ்தோர்ப் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு, உழவுத்தொழில் செய்துவந்த குடும்பமொன்றில் 1642ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஐசக் நியூட்டன் பிறந்தார். இது அக்கால ஆங்கில நாட்காட்டியின்படி அமைந்த நாள். இன்றைய நாட்காட்டியின்படி அது 1643ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாளாகும்.

அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ மூன்று திங்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். பிறந்த குழந்தை மிகச் சிறியதாகவும் நலிந்தும் இருந்தது. அது பிழைக்குமா என்று வீட்டார் ஐயுற்றனர். குழந்தை பிழைத்தது. ஆனால், ஐசக்கின் மூன்றாம் வயதில் தாய் ஹன்னா மறுமணம் செய்துகொண்டு அடுத்த ஊருக்குச் சென்றார். சிறுவன் தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்தான். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே தாய் அவ்வீட்டிற்குத் திரும்பி வந்தார். தனிமையில் வளர்ந்த அச்சிறுவன் எதையும் எளிதில் பிறரிடம் பகிர்ந்துகொள்பவனாக இல்லை. இவ்வியல்பு அவனது பிற்கால வாழ்விலும் தொடர்ந்தது.

பன்னிரண்டாம் வயதில் ஐசக் கிராந்தம் என்னும் நகரிலுள்ள பள்ளியில் சேர்ந்தான். அங்கு மருந்து விற்பவர் ஒருவரின் வீட்டில் தங்கிப் படித்தான். மற்றச் சிறுவர்கள் விளையாடும் வேளையில் அவன் சுத்தியலும் இரம்பமும் கொண்டு சிறு காற்றாலை, நீர்க்கடிகாரம் முதலியவற்றைச் செய்தான். சுவரில் விழும் நிழலைக் குறித்துவைத்து நேரத்தைக் கணித்தான்.

1658ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் இங்கிலாந்தில் பெரும் புயற்காற்று வீசியது. அன்று ஐசக் காற்று வீசும் திசையில் ஒருமுறையும் அதற்கு எதிர்த்திசையில் ஒருமுறையும் தாவிக் குதித்தான். குதித்த தொலைவுகளை அளந்து, காற்றில்லாத நாளில் குதிக்கும் தொலைவோடு ஒப்பிட்டுக் காற்றின் வலிமையை அறிய முயன்றான். விசையை அளக்க அவர் செய்த முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்று என்பதை அவரே முதுமையில் நினைவுகூர்ந்தார்.

மந்தை மேய்க்காத மைந்தன்

மகன் நிலத்தைக் கவனிக்க வேண்டும் என்று தாய் விரும்பினார். பள்ளியை நிறுத்தி அவனை ஊருக்கு அழைத்துக்கொண்டார். ஆனால், ஐசக்கின் மனம் உழவில் செல்லவில்லை. ஆடுகளை மேய்க்கச் சென்றவன் மரத்தடியில் அமர்ந்து புத்தகம் படித்தான். ஆடுகள் அடுத்தவர் வயலில் மேய்ந்தன. வீட்டாருக்குத் தண்டம் கட்டும் நிலையும் வந்தது.

இதனைக் கண்ட தாய்மாமன் வில்லியம், மருமகனைக் கல்லூரிக்கு அனுப்புமாறு தம் உடன்பிறந்தாளிடம் எடுத்துரைத்தார். கிராந்தம் பள்ளியின் தலைமை ஆசிரியரும் அவ்வாறே வற்புறுத்தினார். இவ்விருவரின் முயற்சியால் ஐசக் மீண்டும் பள்ளிக்குச் சென்றான். பின்னர், 1661ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தான். செல்வ மாணவர்களுக்குப் பணிவிடை செய்து அதனால் கட்டணச் சலுகை பெறும் எளிய மாணவனாகவே அவன் அங்கு நுழைந்தான்.

கல்லூரியும் கொள்ளைநோயும்

அக்காலக் கல்லூரிகளில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கருத்துகளே பெரிதும் கற்பிக்கப்பட்டன. ஒரு பொருள் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டுமானால் அதனை ஏதேனும் ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மண்ணுலகின் பொருள்களுக்கு ஒருவகை இயற்கை, விண்ணுலகின் பொருள்களுக்கு வேறுவகை இயற்கை என்பது மற்றொன்று.

ஆனால், புதிய சிந்தனைகளும் அக்காலத்தில் பரவத் தொடங்கியிருந்தன. இத்தாலிய அறிஞர் கலிலியோ சாய்ந்த பலகையில் குண்டுகளை உருட்டி, விழும் பொருளின் வேகம் எவ்வாறு கூடுகிறது என்பதை அளந்திருந்தார். கோள்கள் ஞாயிற்றை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று செருமானிய அறிஞர் கெப்ளர் கண்டிருந்தார். ஏன் நீள்வட்டம் என்பதற்கு மட்டும் விடை தெரியவில்லை. நியூட்டன் புதிய நூல்களைத் தாமே தேடிப் படித்தார். தமக்குத் தோன்றிய ஐயங்களை எழுதிவைப்பதற்கென்றே ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டார்.

1665ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொள்ளைநோய் பரவியது. இலண்டன் மாநகரில் பல்லாயிரவர் மாண்டனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. இருபத்திரண்டு வயது நிரம்பிய நியூட்டன் உல்ஸ்தோர்ப் வீட்டிற்குத் திரும்பினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் அங்கேயே கழித்தார். அக்காலத்தில் மாறிக்கொண்டே இருக்கும் அளவுகளைக் கணக்கிடும் நுண்கணித முறையை உருவாக்கினார். முப்பட்டகக் கண்ணாடியைக் கொண்டு ஒளியின் வண்ணங்களை ஆராய்ந்தார். புவியீர்ப்பைப் பற்றியும் எண்ணத் தொடங்கினார்.

கனி எழுப்பிய வினா

அவ்வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் மரம் ஒன்று நின்றது. அதிலிருந்து கனி விழுவதைக் கண்டபோதே ஈர்ப்பைப் பற்றிய எண்ணம் தமக்குத் தோன்றியதாக நியூட்டன் முதுமையில் நண்பர்களிடம் கூறினார். கனி அவர் தலையில் விழுந்தது என்பது பின்னர்ச் சேர்க்கப்பட்ட கதை.

கனி விழுவது வியப்பன்று. அது ஏன் பக்கவாட்டில் செல்லாமல் எப்போதும் புவியின் மையத்தை நோக்கியே விழுகிறது என்று அவர் எண்ணினார். மரத்தின் உச்சியிலும் அவ்விசை இருக்கிறது. மலையின் உச்சியிலும் இருக்கிறது. அவ்வாறாயின், அது நிலவு வரை எட்டாதா? எட்டுமாயின், நிலவு ஏன் விழவில்லை?

இவ்வினாவுக்கு அவர் கண்ட விடை வியப்பானது. நிலவும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

இதனை விளக்க, பிற்காலத்தில் நியூட்டன் மிக உயர்ந்த மலை ஒன்றைக் கற்பனை செய்து காட்டினார். அதன் உச்சியிலிருந்து ஒரு பொருளைக் கிடையாக எறிந்தால் அது வளைந்து சென்று சிறிது தொலைவில் விழும். இன்னும் விரைவாக எறிந்தால் இன்னும் தொலைவில் விழும். காற்றின் தடை இல்லையென்று கொண்டு, நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் என்ன ஆகும்? பொருள் கீழே வளையும் அளவுக்கே உருண்டையான புவியின் பரப்பும் வளைந்து செல்லும். ஆகவே, அப்பொருள் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் தரையைத் தொடாது. அது புவியைச் சுற்றி வரும். நிலவும் இவ்வாறே சுற்றுகிறது. விசை ஏதும் இல்லையெனில் நிலவு நேர்க்கோட்டில் விலகிச் சென்றுவிடும். புவியின் ஈர்ப்பு அதனை ஒவ்வொரு நொடியும் தன்பால் வளைத்துக்கொள்கிறது.

கருத்து அழகியதாக இருந்தால் மட்டும் போதாது. கணக்கோடு பொருந்த வேண்டும். புவியின் மையத்திலிருந்து கனி இருக்கும் தொலைவைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு தொலைவில் நிலவு உள்ளது. தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். அவ்வாறெனில், 60 மடங்கு தொலைவில் ஈர்ப்பு 3600இல் ஒரு பங்காக வேண்டும். இன்றைய அளவுகளில் கூறினால், கனி முதல் நொடியில் ஏறத்தாழ 4.9 மீட்டர் விழுகிறது. அதனை 3600ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் கிடைக்கும். நிலவு தன் நேர்க்கோட்டுப் பாதையிலிருந்து ஒரு நொடியில் புவியை நோக்கி வளைந்து வருவதும் அதே 1.4 மில்லிமீட்டர்தான்.

நியூட்டன் இளமையில் செய்த கணக்கு ஓரளவே பொருந்தியது. புவியின் அளவாக அவர் கைக்கொண்ட எண் சரியானதன்று. வேறொரு தடையும் இருந்தது. புவி ஒரு புள்ளியன்று. மலையும் கடலும் மண்ணும் கொண்ட பேருருண்டை. அதன் ஒவ்வொரு பகுதியும் கனியை ஈர்க்கும்போது, அவற்றின் கூட்டுவிசை மையத்திலிருந்தே வருவதாகக் கொள்ளலாமா? இதனை மெய்ப்பிக்க அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. கனி அவருக்கு அளித்தது விடையன்று; ஒரு நல்ல வினா.

மூடிவைத்த விடை

கொள்ளைநோய் தணிந்தபின், 1667இல் நியூட்டன் கேம்பிரிட்ஜ் திரும்பினார். 1669இல், இருபத்தாறாம் வயதில், கணிதப் பேராசிரியராகப் பதவியேற்றார். கண்ணாடி வில்லைகளுக்கு மாற்றாகக் குழியாடியைப் பயன்படுத்திச் சிறிய தொலைநோக்கி ஒன்றைத் தம் கையாலேயே செய்தார். அதைக் கண்டு மகிழ்ந்த இலண்டன் ராயல் கழகத்து அறிஞர்கள் 1672இல் அவரை உறுப்பினராக்கினர்.

அதே ஆண்டில், வெண்மை ஒளியில் பல வண்ணங்கள் கலந்துள்ளன என்னும் தம் ஆய்வை அவர் வெளியிட்டார். அக்கழகத்தின் முதன்மை ஆய்வாளர்களுள் ஒருவரான ராபர்ட் ஹூக் அதனைக் கடுமையாக மறுத்தார். பூசல் வளர்ந்தது. நியூட்டன் மனம் நொந்தார். இனி எதையும் வெளியிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். இயக்கத்தைப் பற்றிய அவருடைய எண்ணங்களும் வெளியே வராமல் அவருடைய தாள்களிலேயே கிடந்தன.

1684ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹூக், கட்டடக்கலை அறிஞர் கிறிஸ்டோபர் ரென், இளம் வானியலார் எட்மண்ட் ஹாலி ஆகிய மூவரும் இலண்டனில் கூடிப் பேசினர். தொலைவு கூடக் கூட, அதன் இருமடிக்கு ஏற்ப ஈர்ப்பு குறைகிறது என்று மூவரும் கருதினர். ஆனால், அத்தகைய ஈர்ப்பால் கோளின் பாதை எவ்வடிவம் பெறும் என்பதை ஒருவராலும் மெய்ப்பிக்க இயலவில்லை. தமக்கு விடை தெரியும் என்று ஹூக் கூறினார், ஆனால் காட்டவில்லை. இரண்டு திங்களுக்குள் விடை தருபவருக்கு நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள புத்தகம் பரிசு என்று ரென் அறிவித்தார். பரிசைப் பெற எவரும் வரவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் ஹாலி கேம்பிரிட்ஜ் சென்று நியூட்டனைக் கண்டார். கோளின் பாதை எவ்வாறிருக்கும் என்று வினவினார். நீள்வட்டமாக இருக்கும் என்று நியூட்டன் தயங்காது விடையளித்தார். எவ்வாறு அறிந்தீர் என்று ஹாலி வியப்புடன் கேட்க, தாம் அதனை முன்னரே கணக்கிட்டுவிட்டதாக நியூட்டன் கூறினார். உலகமே தேடிக்கொண்டிருந்த விடை அவரது அறையில் ஏதோ ஒரு தாளில் இருந்தது. தேடியபோது அத்தாள் கிடைக்கவில்லை. மீண்டும் எழுதி அனுப்புவதாக அவர் வாக்களித்தார்.

அதே ஆண்டு நவம்பரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று ஹாலிக்கு வந்து சேர்ந்தது. அதன் அருமையை ஹாலி உடனே உணர்ந்தார். மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, அதனை முழு நூலாக்குமாறு நியூட்டனை வேண்டினார்.

நூல் பிறந்த வரலாறு

ஏறத்தாழ பதினெட்டுத் திங்கள் நியூட்டன் வேறெதிலும் மனம் செலுத்தாமல் உழைத்தார். அறைக்கு வந்த உணவு தொடப்படாமலேயே திரும்பியதுண்டு. உணவுக்கூடம் செல்லப் புறப்பட்டவர் வழி தவறித் தெருவிற்குச் சென்று, நினைவு வந்து திரும்பியதும் உண்டு. உருண்டையான பொருள், தன் முழுநிறையும் மையத்தில் குவிந்திருந்தாற்போலவே வெளியிலுள்ள பொருள்களை ஈர்க்கும் என்பதை இக்காலத்தில்தான் அவர் மெய்ப்பித்தார். கனிக்கும் நிலவுக்கும் இடையே நின்ற தடை நீங்கியது.

நூல் முடியும் தறுவாயில் இரு இடையூறுகள் தோன்றின. ஈர்ப்பு விதியைத் தாமே முதலில் எடுத்துரைத்ததாக ஹூக் உரிமை கோரினார். அவர் சில ஆண்டுகளுக்கு முன்பு நியூட்டனுக்கு எழுதிய கடிதங்களில் அக்கருத்து இடம்பெற்றிருந்தது உண்மையே. அக்கடிதங்கள் நியூட்டனின் சிந்தனையைத் தூண்டவும் செய்தன. ஆயினும், கருத்தைக் கூறுவது வேறு. கணக்கால் மெய்ப்பிப்பது வேறு. சினங்கொண்ட நியூட்டன் நூலின் மூன்றாம் பகுதியையே வெளியிடப்போவதில்லை என்றார். வானத்தின் இயக்கங்களை விளக்குவது அப்பகுதியே. ஹாலி பொறுமையாகக் கடிதம் எழுதி அவர் சினத்தைத் தணித்தார். பகுதி தப்பியது. ஆனால், ஹூக் மீதிருந்த கசப்பு நியூட்டனை விட்டு நீங்கவேயில்லை. ஹூக்குக்கு உரிய பாராட்டை மனமுவந்து அளிக்க அவரால் இயலாமற்போயிற்று. பேரறிவுடையார்க்கும் பெருந்தன்மை எளிதில் கைகூடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

மற்றோர் இடையூறு பணம். ராயல் கழகம் மீன்களைப் பற்றிய பெரிய நூலொன்றை அச்சிட்டு, அது விற்காமையால் கருவூலம் வறண்டிருந்தது. கழகத்தில் பணியாற்றிய ஹாலிக்கு ஊதியத்திற்கு மாற்றாக அம்மீன் நூலின் படிகளே அளிக்கப்பட்டன. அந்நிலையிலும் அவர் நியூட்டனின் நூலைத் தம் சொந்தப் பணத்தில் அச்சிட்டார். அச்சுப் பிழைகளையும் தாமே திருத்தினார். 1687ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலத்தீன் மொழியில் அந்நூல் வெளிவந்தது. பிரின்சிபியா என்று சுருக்கமாக வழங்கப்படும் அந்நூலின் பெயருக்கு, இயற்கைத் தத்துவத்தின் கணித அடிப்படைகள் என்பது பொருள்.

மூன்று விதிகள்

நூலின் தொடக்கத்தில் நியூட்டன் இயக்கத்தின் மூன்று விதிகளை அமைத்தார்.

முதல் விதி: புறவிசை செயல்படாத வரை, ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும், இயங்கும் பொருள் நேர்க்கோட்டில் மாறாத வேகத்துடன் இயங்கிக்கொண்டே இருக்கும். இப்பண்பு நிலைமம் எனப்படும். ஓடும் பேருந்து திடீரென நிற்கும்போது பயணிகள் முன்னோக்கிச் சாய்வது இதனாலேயே. கேரம் பலகையில் மாவு தூவினால் காய் நெடுந்தொலைவு செல்கிறது. காய் நிற்பதற்குக் காரணம் தள்ளுவிசை தீர்ந்துபோவதன்று; பலகையின் உராய்வு விசையே. மாவு அவ்வுராய்வைக் குறைக்கிறது. அரிஸ்டாட்டில் காலத்துக் கருத்து இங்கு மாறியது.

இரண்டாம் விதி: ஒரு பொருளின் இயக்கத்தில் ஏற்படும் மாற்றம் அதன்மீது செயல்படும் விசைக்கு ஏற்ப அமையும், விசை செயல்படும் திசையிலேயே நிகழும். காலியான தள்ளுவண்டியும் காய்கறி நிறைந்த தள்ளுவண்டியும் ஒரே விசைக்கு ஒரே வகையில் நகர்வதில்லை. நிறை மிகுந்தால் முடுக்கம் குறையும். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை கிடைக்கும் என்று இதனை இன்று எழுதுகிறோம்.

மூன்றாம் விதி: ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை எதிர்த்திசையில் உண்டு. படகிலிருந்து கரைக்குத் தாவுபவர் முன்னே செல்ல, படகு பின்னே செல்கிறது. நீந்துபவர் நீரைப் பின்னே தள்ள, நீர் அவரை முன்னே தள்ளுகிறது. இவ்விரு விசைகளும் வெவ்வேறு பொருள்கள்மீது செயல்படுவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதில்லை. இவ்விதியின்படி, புவி கனியை ஈர்க்கும் அதே அளவு விசையோடு கனியும் புவியை ஈர்க்கிறது. புவியின் நிறை மிகப் பெரிது. ஆதலால் அதன் அசைவு புலப்படுவதில்லை.

இம்மூன்று விதிகளோடு ஈர்ப்பு விதியையும் இணைத்து, கோள்களின் பாதை, நிலவின் அசைவு, கடலின் ஏற்றவற்றம் ஆகியவற்றை நியூட்டன் விளக்கினார். மண்ணுக்கு ஒரு நீதி, விண்ணுக்கு ஒரு நீதி என்னும் பழைய எண்ணம் முடிவுக்கு வந்தது. ஈர்ப்பு எவ்வாறு செயல்படுகிறது என்பதைக் கணக்கிட்ட அவர், அது எதனால் உண்டாகிறது என்பது தமக்குத் தெரியவில்லை என்றும் தம் நூலின் மறுபதிப்பில் மறைக்காது எழுதினார்.

பிற்கால வாழ்வு

1696இல் நியூட்டன் இலண்டன் நாணயச் சாலையின் பொறுப்பை ஏற்றார். கள்ள நாணயம் செய்தோரைக் கண்டறிந்து தண்டனை பெறச் செய்தார். 1703இல் ராயல் கழகத்தின் தலைவரானார். 1704இல் ஒளியியல் பற்றிய நூலை வெளியிட்டார். 1705இல் ஆன் அரசியார் அவருக்குச் சர் பட்டம் வழங்கினார். அக்கால நாட்காட்டியின்படி 1727ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில் அவர் மறைந்தார். அரசர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில், உழவர் குடும்பத்தில் பிறந்த அவருக்கும் இடம் கிடைத்தது.

திரும்பி வந்த வால்மீன்

நியூட்டனின் விதிகள் மெய்யானவை எனில், அவற்றைக் கொண்டு வருங்காலத்தையும் கணிக்க இயல வேண்டும். ஹாலி அதனைச் செய்தார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய வால்மீன் ஒன்றே என்று கண்டு, அது 1758ஆம் ஆண்டளவில் மீண்டும் வரும் என்று அறிவித்தார். 1742இல் அவரும் மறைந்தார். 1758ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, செருமனி நாட்டில் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த உழவர் ஒருவர் அவ்வால்மீனைக் கண்டார். நண்பர் இருவரும் உயிரோடில்லை. அவர்களின் கணக்கு உயிரோடிருந்தது. அவ்வால்மீன் இன்று ஹாலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1986இல் வந்து சென்ற அது 2061இல் மீண்டும் வரும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் புறப்பட்ட சந்திரயான்-3, ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவில் மெல்ல இறங்கியது. ஏவூர்தி மேலெழுந்ததும், விண்கலம் புவியைச் சுற்றிச் சுற்றித் தன் பாதையை விரித்துக்கொண்டதும், நிலவின் ஈர்ப்பில் அடங்கியதும் நியூட்டன் வகுத்த விதிகளின்படியே நிகழ்ந்தன.

தமிழ்க் குடும்பமொன்றில், தந்தையின் பணியிடமான லாகூரில் 1910ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னையில் பயின்று, அமெரிக்காவில் பணியாற்றி, 1983இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியல் அறிஞர் அவர். தம் இறுதி ஆண்டுகளில் அவர் பிரின்சிபியாவைக் கையிலெடுத்தார். அதிலுள்ள முடிவுகளை முதலில் தாமே மெய்ப்பித்துப் பார்த்து, பின்னரே நியூட்டனின் வழியோடு ஒப்பிட்டார். பொதுவாசகருக்காக அவர் எழுதிய விளக்கநூல், அவர் மறைந்த 1995ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அந்நூல் ஒரு பேரறிஞரை மாணவராக்கியது. அத்தாள்கள் கேம்பிரிட்ஜ் அறையிலேயே கிடந்திருந்தால் இவை ஒன்றும் நிகழ்ந்திரா. அறிவைத் தேடியவர் நியூட்டன்; அதனை உலகிற்குச் சேர்த்தவர் ஹாலி.

சொற்பொருள்

ஐயுற்றனர் – சந்தேகப்பட்டனர்
திங்கள் – மாதம்
ஞாயிறு – சூரியன்
தண்டம் – அபராதம்
கொள்ளைநோய் – பலரை அழிக்கும் தொற்றுநோய்
நீள்வட்டம் – நீண்ட வட்ட வடிவம்
இருமடி – ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவது
பூசல் – சண்டை, கருத்து மோதல்
தறுவாய் – நேரம், வேளை
முடுக்கம் – வேகம் மாறும் அளவு
ஏற்றவற்றம் – கடல்நீர் உயர்தலும் தாழ்தலும்
ஏவூர்தி – ராக்கெட்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. நியூட்டன் பிறந்த சிற்றூர் ________.
2. கோள்கள் ஞாயிற்றை ________ பாதையில் சுற்றுகின்றன.
3. ஓடும் பேருந்து திடீரென நிற்கும்போது பயணிகள் முன்னோக்கிச் சாய்வதற்குக் காரணமான பண்பு ________.
4. புவியிலிருந்து தொலைவு மும்மடங்கானால் ஈர்ப்பு ________ ஒரு பங்காகும்.

ஆ. பொருத்துக.

1. 1665 – பிரின்சிபியா வெளிவந்தது
2. 1684 – கொள்ளைநோய் பரவியது
3. 1687 – வால்மீன் திரும்பியது
4. 1758 – ஹாலி நியூட்டனைச் சந்தித்தார்

இ. சேர்த்து எழுதுக.

1. புவி + ஈர்ப்பு
2. நேர் + கோடு
3. புயல் + காற்று

ஈ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. சிறுவன் ஐசக் காற்றின் வலிமையை எவ்வாறு அறிய முயன்றான்?
2. நிலவு விழுந்துகொண்டே இருந்தும் ஏன் தரையைத் தொடுவதில்லை?
3. ராயல் கழகத்தால் நியூட்டனின் நூலை அச்சிட இயலாமற்போனது ஏன்?

உ. சிந்தித்து எழுதுக.

1. கனி அளித்தது விடையன்று, வினா என்று பாடம் கூறுவதை உம் சொற்களில் விளக்குக.
2. ஹூக்கிடம் நியூட்டன் நடந்துகொண்ட முறை சரியானதா? காரணம் காட்டி எழுதுக.
3. 2061ஆம் ஆண்டில் உம் வயது என்னவாக இருக்கும்? அன்று ஹாலி வால்மீனைக் காணும் சிறுவர்களுக்கு நீவிர் கூற விரும்பும் செய்தியைப் பத்து வரிகளில் எழுதுக.

ஊ. செய்து பார்க்க.

கண்ணாடிக் குவளையின் வாயை ஓர் அட்டையால் மூடுக. அட்டையின் நடுவில் ஒரு நாணயத்தை வைக்க. அட்டையை விரலால் விரைவாகச் சுண்டிவிடுக. நாணயம் எங்கே செல்கிறது? இது எவ்விதியைக் காட்டுகிறது? கண்டதை ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.